மதியம் மட்டும் வரும் ஷார்ட்: டிசிசி மாடல் ரயிலில் பழுது தேடும் வழி

[காட்சி: மொட்டை மாடி அறை. ஹெச்ஓ லேஅவுட்டில் இரண்டு ரயில்கள் ஓடுகின்றன. சட்டென்று இரண்டும் நிற்கின்றன. பூஸ்டரில் சிவப்பு விளக்கு மினுக்குகிறது.]

மணி மதியம் 2. ரெண்டு ரயிலும் ஒரே நேரத்துல நின்னுடுச்சு, தண்டவாளத்துக்குக் கரண்ட் கொடுக்கற பூஸ்டர்ல சிவப்பு விளக்கு மினுக்குது. காலையில 7 மணிக்கு இதே ரெண்டு ரயிலும் ஒரு மணி நேரம் நிக்காம ஓடுச்சு. ராத்திரி 9 மணிக்குப் போட்டாலும் ஓடும். மதியம் மட்டும்தான் மக்கர்.

போன மே மாசம் நாலு நாள் என்னைச் சுத்தவிட்ட பழுது இது. கடைசியில அது எங்க இருந்துச்சுன்னு காட்டறேன். அதுக்கு முன்னாடி, தண்டவாளத்துல என்ன ஓடுதுன்னு தெரிஞ்சுக்கணும்.

[காட்சி: தண்டவாளத்தின் இரண்டு கம்பிகள் மிக நெருக்கத்தில். மேலே சதுர அலை வரைபடம்.]

பழைய டிசி முறையில, தண்டவாளத்துக்கு எவ்வளவு வோல்ட் கொடுக்கறோமோ அவ்வளவு வேகம். ரெண்டு இன்ஜினை ஒரே தண்டவாளத்துல வெச்சா ரெண்டும் சேர்ந்துதான் ஓடும். டிசிசி, அதாவது டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல், அப்படி இல்ல. ஜெர்மனியில லென்ஸ் நிறுவனம் உருவாக்கின முறை அது. அதை அடிப்படையா வெச்சு அமெரிக்காவுல இருக்கற மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ 1990-கள்ல பொதுத் தரநிலை கொண்டுவந்துச்சு. இன்ஜினுக்குள்ள இருந்து கட்டளையைப் புரிஞ்சுக்கற டிகோடர் ஒரு கம்பெனியோடதா, கட்டளை அனுப்பற கமாண்ட் ஸ்டேஷன் இன்னொரு கம்பெனியோடதா இருந்தாலும் இன்னிக்குச் சேர்ந்து வேலை செய்யுதுன்னா காரணம் அதுதான்.

இந்த முறையில தண்டவாளத்துல எப்பவும் முழு வோல்ட்டேஜ் இருக்கும். ஹெச்ஓ ஸ்கேல்ல, அதாவது நிஜ ரயில்ல 87-ல ஒரு பங்கு அளவு மாடல்ல, சுமார் 14, 15 வோல்ட். அது நொடிக்குப் பல ஆயிரம் தடவை திசை மாறுது. எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை மாறுதுங்கறதுதான் செய்தி. பாதி அலை 58 மைக்ரோ செகண்ட்னா அது 1. 100 மைக்ரோ செகண்டோ அதுக்கு மேலயோ போனா அது 0. முதல்ல வரிசையா சில ஒண்ணுகள், அப்புறம் இன்ஜினோட நம்பர், என்ன செய்யணுங்கற கட்டளை, கடைசியா சரிபார்க்க ஒரு பைட். அந்தக் கடைசிக் கணக்கு இடிச்சா, டிகோடர் கட்டளையை அப்படியே விட்டுடும்.

கவனிச்சீங்களா, கரண்ட்டும் கட்டளையும் அதே ரெண்டு கம்பியிலதான் வருது. சக்கரத்துல அழுக்கு இருந்தா கரண்ட் விட்டு விட்டு வரும், கட்டளையும் கூடவே அறுந்து போகும். பார்க்க ஏதோ பெரிய டிஜிட்டல் கோளாறு மாதிரி தெரியும். அதனால கறாரா ஒண்ணு சொல்றேன்: டிகோடர் செட்டிங்ஸ்ல கை வைக்கறதுக்கு முன்னாடி, மேசைக்கு அடியில குனிஞ்சு வயரைப் பாருங்க.

பாக்கறப்ப ஒரே கேள்வியைக் கேளுங்க. நிக்கறது ஒரு இன்ஜினா, ஒரு இடமா, இல்ல மொத்தமுமா?

[காட்சி: ஒரு இன்ஜின் திணறுகிறது. விரல் அதை லேசாக அழுத்துகிறது.]

ஒரு இன்ஜின் மட்டும்னா, விரலால லேசா அழுத்திப் பாருங்க. ஓடிச்சுன்னா சக்கரம் அழுக்கு. டிஷ்யூ பேப்பர்ல ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கொஞ்சமா நனைச்சு தண்டவாளம் மேல விரிங்க. சொட்டச் சொட்ட வேண்டாம், சக்கரத்துல தீப்பொறி வரும். இன்ஜினுக்கு அடியில இருக்கற ரெண்டு சக்கரத் தொகுதியில, அதாவது போகியில, ஒண்ணு பேப்பர் மேல, இன்னொண்ணு வெறும் தண்டவாளத்துல இருக்கணும். இன்ஜினைக் கையால பிடிச்சுக்கிட்டு ஓட விட்டா, பேப்பர்ல ரெண்டு கறுப்புக் கோடு விழும். கோடு விழாத வரைக்கும் பேப்பரை மாத்திக்கிட்டே இருங்க. உப்புத்தாளைத் தொடவே தொடாதீங்க. அது போடற கீறல்ல அழுக்கு இன்னும் நல்லா ஒட்டும்.

விளக்கு எரியுது, ஆனா நகரல. அப்படின்னா கரண்ட் வருது, நம்பரைப் பாக்கணும். புது டிகோடர் பொதுவா 3-ம் நம்பர்லதான் வரும். ரெண்டு இன்ஜினைச் சேர்த்து ஓட்டினப்பக் கொடுத்த கூட்டு நம்பர் சிவி 19-ல (டிகோடர் தன் அமைப்புகளைச் சேமிக்கற, நம்பர் போட்ட இடங்கள்தான் சிவி) மிச்சம் இருந்தா, சொந்த நம்பர்ல எவ்வளவு கூப்பிட்டாலும் வேகக் கட்டளையைக் கேக்காது. அங்க 0 எழுதினா போதும். இதைத் தெரியாம நல்ல டிகோடரைத் தூக்கிப் போட்டவங்க இருக்காங்க. நிறைய டிகோடர்ல சிவி 8-ல 8 எழுதினா எல்லாம் பழைய நிலைக்கு வந்துடும். ஆனா நீங்க செஞ்சு வெச்ச வேக அமைப்பும் அதோட போயிடும், முதல்ல நோட்டுல எழுதி வெச்சுக்கோங்க.

டிகோடர் அமைப்பைப் படிக்கவும் எழுதவும் தனியா வெச்சிருக்கற ப்ரோகிராமிங் ட்ராக்ல டிகோடரைப் படிக்க முடியலன்னு பதறாதீங்க. படிக்கறப்ப இன்ஜின் லேசா துள்ளறதைப் பாத்திருப்பீங்க. டிகோடர் பதில் சொல்ற விதம் அது. மோட்டாருக்கு ஒரு நொடிக் கரண்ட் கூட இல்ல, வெறும் 6 மில்லி செகண்டுக்கு, குறைஞ்சது 60 மில்லி ஆம்பியர் இழுத்துக் காட்டுது. அதை "ஆமாம்"னு கமாண்ட் ஸ்டேஷன் புரிஞ்சுக்குது. சக்கரம் அழுக்கா இருந்தாலோ மோட்டார் வயர் விட்டிருந்தாலோ அந்தத் துள்ளல் இருக்காது, பதிலும் வராது. டிகோடர் உயிரோடதான் இருக்கும்.

[காட்சி: வளைவில் ஒவ்வொரு ரயிலும் வேகம் குறைகிறது. மேசைக்கு அடியில் வயர்கள்.]

எல்லா ரயிலும் ஒரே இடத்துல தடுமாறினா, குறை தண்டவாளத்துல. பெரும்பாலும் ரெண்டு கம்பித் துண்டை இணைக்கற ஜாயினர்தான். நாள்பட அது கறுத்துத் தளர்ந்து போகும், அதை நம்பி கரண்ட் அனுப்பக் கூடாது. மேசைக்கு அடியில 2.5 ஸ்கொயர் எம்எம் வீட்டு வயர்ல ஒரு ஜோடி பஸ் வயர், அதாவது முதன்மை வயர், ஓடவிட்டு, அதுலிருந்து தண்டவாளத்துக்குச் சுமார் ஒரு மீட்டருக்கு ஒரு ஃபீடர், அதாவது கிளை வயர், சால்டர் பண்ணிடுங்க.

சரியா பண்ணியிருக்கோமான்னு தெரிஞ்சுக்க ஒரு நாணயம் போதும். ஹெச்ஓ தண்டவாளத்தோட அகலம் 16.5 மில்லிமீட்டர், 5 ரூபாய் நாணயம் குறுக்க தாராளமா எட்டும். வெச்ச உடனே பூஸ்டர் கட் ஆகணும். கட் ஆகலன்னா உடனே நாணயத்தை எடுத்துடுங்க. அந்த இடத்துக்குப் போற வயர்ல தடை அதிகம்னு அர்த்தம். அங்க ஒரு பெட்டி தடம் புரண்டு ஷார்ட் ஆனா, பூஸ்டர் கண்டுக்காம கரண்ட் அனுப்பிக்கிட்டே இருக்கும், சக்கரம் சூடாகி பிளாஸ்டிக் உருகும். லேஅவுட் முழுக்க ஒவ்வொரு மூலையிலயும் இதைச் செய்யாம ரயில் ஓட்டாதீங்க.

[காட்சி: பூஸ்டரின் சிவப்பு விளக்கு மீண்டும். அறையில் வெப்பமானி.]

இப்ப என் மதிய நேரப் பழுதுக்கு வரேன். மொத்தமும் நின்னா அது ஷார்ட். எல்லா ரயிலையும் எடுத்துட்டுப் பாத்தேன், ஷார்ட் இல்ல. அதனால ரெண்டு நாள் இன்ஜினைச் சந்தேகப்பட்டுப் பிரிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தேன். மூணாம் நாள்தான் லேஅவுட்டைப் பாதியாப் பிரிச்சேன். ரயில் திரும்பி வர்ற லூப்புக்குப் போற வயரைக் கழட்டி, மீதி தண்டவாளத்துல மட்டும் மதியம் முழுக்க ஓட்டினேன். ஒரு தடவை கூட நிக்கல. ஆக, பழுது லூப்புலதான்.

லூப்புல தண்டவாளம் சுத்தி வந்து தன்னோடயே சேரும்போது, இடது கம்பி வலது கம்பியைத் தொடும். அதுக்காக ரெண்டு முனையிலயும், ரெண்டு கம்பியிலயும் வெட்டி, மொத்தம் நாலு இடைவெளி விடறோம். ரயில் கடக்கறப்ப ஆட்டோ ரிவர்ஸர்ங்கற கருவி லூப்புக்குள்ள இருக்கற ரெண்டு கம்பியோட துருவத்தைத் தானா மாத்திக்கும்.

நாலாம் நாள் மதியம் 2 மணிக்கு, பவரை அணைச்சு, ரிவர்ஸர் வயரையும் கழட்டிட்டு, மல்டிமீட்டரை பீப் நிலையில வெச்சு ஒவ்வொரு இடைவெளிக்கும் ரெண்டு பக்கம் முனையைத் தொட்டேன். மூணு இடம் அமைதி. உள்ள நுழையற முனையில ஒரு இடம் பீப்னு கத்துச்சு. டார்ச் அடிச்சுக் கிட்டப் போய்ப் பாத்தா இடைவெளியே இல்ல, ரெண்டு கம்பியும் முத்தமிட்டுக்கிட்டு இருக்கு. ராத்திரி 9 மணிக்கு அதே இடத்துல மீட்டர் கத்தல. தாள் ஒண்ணு நுழையற அளவு வெளிச்சம் தெரிஞ்சுது.

காலையில 28 டிகிரி இருக்கற அறை மதியம் 43 டிகிரிக்குப் போகுது. நிக்கல் சில்வர் கம்பி 15 டிகிரி ஏறினா ஒரு மீட்டருக்குச் சுமார் கால் மில்லிமீட்டர் நீளும். அந்த முனைக்கு முன்னாடி 2 மீட்டர் நீளத்துக்கு எல்லா ஜாயினரையும் நான் சால்டர் போட்டு ஒட்டியிருந்தேன், நீண்டது மொத்தமும் அந்த ஒரே இடத்துல வந்து முட்டுச்சு. நுழையற முனை ஒட்டிக்கிட்டதால, ரயில் வெளியேறற முனையில துருவத்தை மாத்தினா இங்க ஷார்ட், மாத்தலன்னா அங்க ஷார்ட். ரிவர்ஸருக்குப் போக்கிடமே இல்ல. ரயில் இல்லாதப்ப ஷார்ட் தெரியாததுக்கும் காரணம் இதுதான்.

[காட்சி: மிக நெருக்கத்தில், கம்பி இடைவெளியில் வெள்ளைத் துண்டு செருகப்படுகிறது. சின்ன அரம்.]

காலாவதியான ஏடிஎம் கார்டுல ஒரு துண்டு வெட்டி, இடைவெளியைக் கொஞ்சம் அகலமாக்கி, ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டுச் செருகினேன். காய்ஞ்சதும் சின்ன அரத்தால மேற்பக்கமும் உள்பக்கமும் கம்பியோட வடிவத்துக்கே ராவிட்டேன். விரல் நகத்தை ஓட்டினா தட்டக் கூடாது, தட்டினா சக்கரமும் அங்க ஏறி இறங்கும். நடுவுல ரெண்டு ஜாயினரோட சால்டரை உருக்கி எடுத்து, கம்பி நீள்றதுக்கு இடம் விட்டேன். அந்தத் துண்டுகளுக்குத் தனித்தனி ஃபீடர் கொடுத்தேன். மீதி மூணு இடைவெளியையும் அன்னிக்கே அடைச்சுட்டேன்.

[காட்சி: கடிகாரம் 2:10. ரயில் லூப்பிலிருந்து வெளியே வருகிறது. பூஸ்டரில் பச்சை விளக்கு.]