தேர்வுத் தாளா, வகுப்பறையா? வகுப்பறை அணியின் வாதம்

நடுவர் அவர்களே, அவையோரே, ஆசிரியர் பயிற்சி நிறுவனத்திலிருந்து வந்திருக்கும் மாணவ மாணவியரே, பின்வரிசையில் கைடு புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டே எங்களையும் கேட்கும் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

"நல்ல தொடக்கப் பள்ளி ஆசிரியரை உருவாக்குவது தேர்வுக்கான படிப்பா, வகுப்பறைப் பயிற்சியா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் விரல் மடக்கிக் கணக்குச் சொன்னார். ஆசிரியர் தகுதித் தேர்வு முதல் தாளில் 150 கேள்வி. குழந்தை வளர்ச்சியும் கற்பித்தல் முறையும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, கணக்கு 30, சூழ்நிலையியல் 30. பொதுப் பிரிவினர் 90 எடுத்தால்தான் தேர்ச்சி. அதற்கு மேல் அரசுப் பணிக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு. "இத்தனையும் தாண்டி வந்தவருக்கா பாடம் நடத்தத் தெரியாது?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிக்கொண்டு போனார். நானும் தட்டினேன் ஐயா. கணக்குச் சரி. அதிலிருந்து எடுத்த முடிவுதான் இடிக்கிறது.

2012 ஜூலையில் தமிழ்நாட்டில் முதல் தகுதித் தேர்வு நடந்தது. 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம். நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. ஊரெல்லாம் கூச்சல். அதே அக்டோபரில் மறுதேர்வு வைத்து மூன்று மணி நேரம் கொடுத்தார்கள். தேறியவர் எண்ணிக்கை பல மடங்கு கூடியது. கேள்வித்தாள் வேறு, இடையில் கொஞ்சம் படித்தும் இருப்பார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்றே மாதத்தில் அத்தனை பேருக்கும் கற்பிக்கும் திறமை பொங்கி வழிந்துவிட்டதா, நடுவர் அவர்களே? கூடியது நேரம். அப்படியானால் முதல் தேர்வு எதை அளந்தது?

சரி, வகுப்பறைக்குப் போவோம்.

முதல் வகுப்பு. ஆறு வயதுப் பிள்ளைக்கு எந்த எழுத்தை முதலில் கொடுப்பது? நமக்கு உடனே வாயில் வருவது 'அ'. ஆனால் பென்சிலே இப்போதுதான் பிடிக்கும் விரலுக்கு 'அ' பெரிய வேலை. சுழி, வளைவு, கிடைக்கோடு, நெடுங்கோடு எல்லாம் ஓர் எழுத்திலேயே இருக்கின்றன. 'ட'வில் இரண்டு நேர்கோடு. 'ப'வில் மூன்று. அதிலிருந்து 'ம'வுக்குப் போவது சிறு வளைவு. இந்த மூன்றும் ஒரு புள்ளியும் கைவந்துவிட்டால் படம், மடம், பட்டம், மட்டம் என்று பிள்ளை முதல் மாதத்திலேயே முழுச் சொல்லை வாசிக்கிறது. அரிச்சுவடி வரிசையிலேயே போனால் பன்னிரண்டு உயிரெழுத்தும் முடிகிற வரை வாசிக்கச் சொற்கள் எத்தனை கிடைக்கும்?

அடுத்து கொம்பு வரும். 'கெ' எழுதச் சொன்னால் பிள்ளை 'க'வை எழுதிவிட்டு அதற்கு வலப்பக்கம் கொம்பு போடும். கவனக்குறைவு என்று திட்டுபவர் புதிய ஆசிரியர். காதில் முதலில் விழுவது க், பிறகுதான் எ. பிள்ளை காதில் விழுந்த வரிசையிலேயே எழுதுகிறது. கையாள வேண்டிய முறை இது: 'க' அட்டையைத் தரையில் வைக்கச் சொல்லி, கொம்பு அட்டையைப் பிள்ளையே எடுத்து இடப்பக்கம் வைக்க வேண்டும். க, ப, ம என்று மெய்யை மட்டும் மாற்றி ஏழெட்டுத் தடவை வைத்த பிறகுதான் சிலேட்டு. 'கெ' உறுதிப்படாமல் 'கொ'வைத் தொடக்கூடாது. இரண்டையும் ஒரே நாளில் நடத்தினால், மறுநாள் கொம்பும் காலும் நோட்டில் நினைத்த இடத்தில் நிற்கும். இதையெல்லாம் நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்து வட்டத்தைக் கறுப்பாக்கிக் கற்க முடியுமா?

கணக்குக்கு வருகிறேன். 52இலிருந்து 27 போக மீதி? மூன்றாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் 35 என்று எழுதினாலும் ஆச்சரியமில்லை. 7இலிருந்து 2ஐக் கழித்து 5, 5இலிருந்து 2ஐக் கழித்து 3. "பெரியதிலிருந்து சிறியதைக் கழி" என்று முதல் வகுப்பில் நாம் சொல்லிக் கொடுத்ததை அப்படியே கடைப்பிடித்திருக்கிறது பாவம். இதற்கு மருந்து நூறு ஈர்க்குச்சியும் பத்து ரப்பர் பேண்டும். 52 குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டினால் ஐந்து கட்டு, இரண்டு உதிரி. ஏழு குச்சி எடு என்றால் உதிரியில் இல்லை. பிள்ளை ஒரு கட்டைத் தானே அவிழ்க்கும். இப்போது நான்கு கட்டு, பன்னிரண்டு உதிரி. ஏழு போக ஐந்து, இரண்டு கட்டு போக இரண்டு கட்டு. விடை 25. கரும்பலகையில் 5ஐ அடித்து 4 என்று மேலே எழுதுகிறோமே, அது ஏன் என்று அந்த ரப்பர் பேண்டை அவிழ்த்த கைக்குத்தான் தெரியும்.

இதிலும் கோட்டை விடுகிறார்கள். ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்று கட்டுகளைப் பசை போட்டு ஒட்டி, வண்ணத்தாள் சுற்றி, அலமாரியில் அடுக்கிவிடுவார்கள். பார்க்க அழகுதான். அவிழ்க்க முடியாத கட்டை வைத்து எப்படிக் கடன் வாங்குவது?

குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே சொன்ன வளர்ச்சி நிலைகளைத் தலைகீழாக ஒப்பிக்கலாம். ஏழிலிருந்து பதினொரு வயது வரை பருப்பொருளைத் தொட்டு யோசிக்கும் நிலை என்று எழுதி ஒரு மதிப்பெண்ணும் வாங்கலாம். படிப்பு வீண் என்று நான் சொல்லவே இல்லை. குச்சி ஏன் வேண்டும் என்பதை பியாஜே சொல்வார். எத்தனை குச்சி, எதால் கட்டுவது, முப்பது பிள்ளைக்கு எப்படிப் பங்கிடுவது, கண்ணில் குத்திக்கொள்ளாமல் எப்படிப் பார்ப்பது என்பதெல்லாம் அவர் சொல்லமாட்டார்.

எதிரணியினர் ஒரு வகுப்பு, ஓர் ஆசிரியர் என்று மனத்தில் படம் போட்டுக்கொண்டு பேசுகிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படி ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 60 பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர். அப்படியானால் ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய மூன்று வகுப்பும் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம். 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் அதே பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகவும் பிரிக்கிறது. 45 நிமிடம் கையில் இருக்கிறது. அரும்புக்கு நேரடியாக 15 நிமிடம் நடத்தும்போது மற்ற இரு குழுவுக்கும் வேலை இருந்தாக வேண்டும். புதிதாக வருபவர் மலர்க் குழுவுக்கு ஐந்து கணக்குப் போட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்புவார். நாலு நிமிடத்தில் முடித்துவிட்டு "டீச்சர், அவன் கிள்றான்" என்று ஆரம்பிக்கும். குழுவை விட்டுத் திரும்பும் முன் மூன்று ஏற்பாடு வேண்டும். வேலை 15 நிமிடமாவது இழுக்க வேண்டும், முடித்தவர் தாமே சரிபார்க்க விடை அட்டை கவிழ்த்து வைத்திருக்க வேண்டும், அதையும் முடித்தவருக்கு வாசிக்கக் கதை அட்டை இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் அரும்புக்கான அந்த 15 நிமிடம் போச்சு.

எங்கள் பக்கத்துப் பலவீனத்தையும் நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்து வருபவர் மசாலா சேர்த்துச் சொல்லுவார். இரண்டாண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் குறைந்தது 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும் என்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதி. பல இடங்களில் அந்த வாரங்கள் எப்படிக் கரைகின்றன? விடுப்பில் போன ஆசிரியருக்குப் பதில் ஆள், பதிவேடு நிரப்ப ஓர் ஆள், சீனியர் நோட்டைப் பார்த்துப் பாடக்குறிப்பு எழுத ஓர் ஆள். மதிப்பீட்டு நாளில், ஏற்கெனவே விடை தெரிந்த பிள்ளைகளிடமே அதே கேள்வி. இதைப் பயிற்சி என்று நான் வாதாட வரவில்லை.

உருப்படியாகச் செய்தால் இப்படி இருக்கும். முதல் வாரம் பாடமே நடத்தாமல் ஒரே வகுப்பில் உட்கார்ந்து, ஐந்து பிள்ளைகளைத் தேர்ந்து, ஒவ்வொருவரையும் தினம் ஐந்து நிமிடம் வாசிக்கவைத்து, எங்கே தடுக்குகிறது என்று குறிக்க வேண்டும். இரண்டாம் வாரம் ஆறு பிள்ளைகளுக்கு மட்டும் 15 நிமிடப் பாடம். பிறகுதான் முழு வகுப்பு. பார்க்க உட்காரும் மூத்த ஆசிரியர் "நன்று" என்று கையெழுத்துப் போட்டுப் பிரயோசனமில்லை. எந்தப் பிள்ளை வாயே திறக்கவில்லை, எந்தக் கேள்விக்கு ஆசிரியரே பதில் சொல்லிவிட்டார் என்று எழுதித் தர வேண்டும். மறுநாள் அதே பாடத்தை மாற்றி இன்னொரு முறை நடத்த வேண்டும். இந்த மறுநாள்தான் பெரும்பாலும் நடப்பதில்லை, அடுத்த பாடத்துக்கு ஓடிவிடுகிறார்கள்.

உச்ச நீதிமன்றத்தின் 2025 செப்டம்பர் தீர்ப்பைக் காட்டி, பணியில் இருப்பவர்களுக்கே தகுதித் தேர்வு கட்டாயம் என்றாகிவிட்டது என்று எதிரணி அம்மையார் முழங்கினார். அம்மா, அது குறைந்தபட்சத் தகுதி. அதே உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் என்ன சொன்னது? தொடக்க வகுப்புகளுக்கு பி.எட். போதாது, அதற்கென்று உள்ள பட்டயப் படிப்புதான் தகுதி என்றது. பி.எட். முடித்தவர் பட்டதாரி, படிப்பு அதிகம். ஆனாலும் சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது தனிப் பயிற்சி என்பதால்தானே அப்படிச் சொன்னார்கள்? அதற்கும் பதில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, முடித்துக்கொள்கிறேன். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரே ஒரு கேள்வி, அவருக்குப் பிடித்த மாதிரியே நான்கு விடையோடு தருகிறேன். ஜூன் மாதம், முதல் வகுப்பு, முதல் நாள். அ, ஒரு பிள்ளை அழுகிறது, அதைப் பார்த்து இன்னும் நாலு. ஆ, ஒருவன் கேட்டை நோக்கி ஓடுகிறான். இ, ஒரு பெண் குழந்தை கழிப்பறைக்குப் போகக் கேட்கத் தெரியாமல் நெளிகிறது. ஈ, சன்னலுக்கு வெளியே நாலைந்து அம்மாக்கள் எட்டிப் பார்க்கிறார்கள். நான்கையும் கவனித்தாக வேண்டும். எந்த வரிசையில்? கைடைப் பார்த்துச் சொன்னாலும் சரி, நான் ஏற்றுக்கொள்கிறேன்.