எர்த் முள்ளை முறிக்காதீர்கள்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

வால்வு ரேடியோ இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு, நான் இன்று பேசவிருக்கும் கருவி, கித்தாரின் ஒலியைப் பெருக்கும் வால்வு அம்ப்ளிபையர், அந்நியமானதன்று. சுவிட்சைப் போட்டதும் அந்த ரேடியோ உடனே பேசாது. உள்ளே இருக்கும் வால்வு என்ற கண்ணாடிக் குமிழ்கள் சூடேறிச் சிவக்கும்வரை பாயில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். ரேடியோவை விட்டு வால்வு போய்ப் பல காலம் ஆகிவிட்டது. கித்தார் வாசிப்பவர்கள் இன்னும் அதை விடவில்லை; ஈஎல்84, ஈஎல்34 என்று பெயர் சொல்லித் தேடி வாங்குகிறார்கள்.

தேவாலயப் பாடற்குழுவிலும் கலியாண வீட்டு வாத்தியக் குழுவிலும் வாசிக்கும் இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதுதான்: "அண்ணே, பெடலைப் போட்டால் வால்வு அடிபடுமா?" அடிபடாது. பட்டறையில் பலமுறை சொன்னதை வானொலியிலும் சொல்லிவிடுகிறேன்: அடிபடாது.

பெடல் என்பது கித்தாரின் ஒலியை மாற்றக் காலால் மிதித்து இயக்கும் ஒரு சிறு உலோகப் பெட்டி. பெரும்பாலானவை 9 வோல்ட்டில் வேலை செய்கின்றன. அதை எவ்வளவு முடுக்கினாலும் வெளியே வருவது ஓரிரு வோல்ட், மிஞ்சினால் சில வோல்ட். அம்ப்ளிபையரின் உள்ளேயோ 300, 400 வோல்ட் நிற்கிறது. தோட்டத்து லயத்தின் கோடியில் மலைத்தண்ணீர் விழும் பீலியை நினைத்துப் பாருங்கள். மலையிலிருந்து எவ்வளவு தண்ணீர் வந்தாலும் பீலி கொள்ளும் அளவே குடத்தில் விழும், மீதி ஓரத்தில் வழிந்துவிடும், பீலி உடையாது. வால்வும் தான் கொள்ளாத அலையின் தலையை வெட்டிவிடுகிறது. அந்த வெட்டுத்தான் நமக்கு முறுகலாகக் கேட்கிறது. அந்த முறுகலுக்காகத்தானே பெடலை வாங்கினோம். ஸ்பீக்கர் விடயத்தில் மட்டும் கவனம் வேண்டும். அம்ப்ளிபையரை முழுச் சத்தத்தில் வைத்துப் பெடலாலும் தள்ளினால், அது எழுதியுள்ள வாட்டுக்கு மேலும் வெளியே தரும். ஸ்பீக்கர் சிறியதென்றால் பொசுங்கிவிடும்.

ஆகவே பயப்பட வேண்டியது பெடலுக்கு அன்று, சுவரில் இருக்கும் பிளக்குக்கு.

பல ஆண்டுகளுக்கு முன், மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஒரு கலியாணம். எங்கள் குழுவிடம் இருந்தது ஜப்பானிலிருந்து வந்த ஒரு பழைய வால்வு அம்ப்ளிபையர். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230. எனவே இடையில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்போமர் ஒன்று வேண்டும். விற்றவர் கொடுத்த டிரான்ஸ்போமரில் இரண்டு துளைகளே இருந்தன, அம்ப்ளிபையரின் பிளக்கிலோ மூன்று முட்கள். மூன்றாவது முள்ளை எங்களுக்கு முன்பே யாரோ குறட்டால் முறித்து வைத்திருந்தார்கள். வேலை மிச்சம் என்று நாங்களும் சந்தோஷப்பட்டுக்கொண்டோம்.

மழை பெய்து ஓய்ந்த மாலை. பந்தலுக்குள் தரை ஈரம். இடது கையால் கித்தார்க் கம்பிகளைப் பிடித்தபடி முதற்பாட்டுக்காக ஒலிவாங்கியை நெருங்கினேன். உதடு அதன் கம்பி வலையைத் தொட்டதுதான் தாமதம், பத்துக் கட்டெறும்புகள் ஒன்றாகக் கடித்தாற்போலத் தூக்கி எறிந்தது. கம்பியை மீட்டக் கையில் வைத்திருந்த பிளெக்ட்ரம் எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியாது. மணமகளின் தாய்மாமன் ஓடிவந்து, "என்ன தம்பி, பாட்டு மறந்துவிட்டதா?" என்று கேட்டார். குழுவில் எல்லோரும் புதிதாக வாங்கிய பெடலின் மேல் பழியைப் போட்டார்கள். அதைக் கழற்றிவிட்டு வாசித்தோம், மறுபடியும் கடித்தது.

ஏன் கடித்தது என்பதை, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்ப்பதுபோல் என்னோடு வாருங்கள். கித்தாரின் கம்பி அதன் அடியிலுள்ள உலோகத்தைத் தொடுகிறது, அந்த உலோகம் வயரின் மேலுறை வலையோடு சேர்ந்திருக்கிறது, அந்த வலை பெடலின் பெட்டியோடும், அங்கிருந்து அடுத்த வயர் வழியாக அம்ப்ளிபையரின் இரும்புச் சட்டகத்தோடும் சேர்ந்திருக்கிறது, சட்டகத்திலிருந்து எர்த் வயர் பிளக்கின் மூன்றாவது முள் வழியாக மண்ணுக்குப் போகிறது. உள்ளே ஏதாவது கசிந்தால் அது மண்ணுக்குப் போக வேண்டிய பாதை இதுதான். முள்ளை முறித்தால் கசிவு சட்டகத்தில் ஏறி நிற்கும், கித்தார்க் கம்பி வரைக்கும் வந்து நிற்கும். பிறகு, எர்த்தோடு சேர்ந்திருக்கும் ஒலிவாங்கியை நாம் தொடும்போது, மண்ணுக்குப் போகும் வழியாக நம் உடம்பே ஆகிவிடுகிறது. பெடலைக் கழற்றினாலும் கடித்தது இதனால்தான். நடுவில் ஒரு கண்ணி குறைந்ததே தவிர, சங்கிலி அப்படியே இருந்தது.

என்னை எறும்புக்கடியோடு விட்டது அதிர்ஷ்டம். 1972இல் வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகர மேடையில் லெஸ்லி ஹார்வி என்ற ஸ்கொட்லாந்துக் கித்தார்க் கலைஞர், எர்த் சரியில்லாத ஒலிவாங்கியைத் தொட்டு மின்சாரம் தாக்கி உயிரிழந்தார்.

அந்த முள்ளை ஏன் முறிக்கிறார்கள்? இரைச்சலுக்காக. அம்ப்ளிபையரும் பெடல்களும் ஒலிகளைக் கலக்கும் மிக்சரும் வெவ்வேறு பிளக்கிலிருந்து எர்த் எடுத்தால், தேனீக்கூடு போல 'ம்ம்' என்று ஒரு முனகல் எழும். எர்த்தை வெட்டினால் முனகல் நிற்பது உண்மையே. ஆனால் எல்லாவற்றையும் ஒரே பிளக்கிலிருந்து நீட்டிய ஒரே பலகையில் செருகினாலும், அது அநேகமாக நின்றுவிடும். நில்லாவிட்டால், ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியாகப் பிரித்த மின்சாரம் தரும் பெட்டியை வாங்கலாம். உருண்டை முள் பிளக்கோ சதுர முள் பிளக்கோ, அந்தப் பெரிய முள்ளில் குறட்டை வைக்காதீர்கள். மின்சாரம் கசிந்தால் தானே துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் இல்லாத பந்தலில் வாசிக்கவும் வேண்டாம். பியூஸ் போனால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுகிறார்களே, அதைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் இந்த நிகழ்ச்சி போதாது.

அடுத்தது அடப்டர். இன்டர்நெட் ரௌட்டரின் அடப்டர் பெடலின் துளையில் அளவாகப் பொருந்தும், பொருந்துவதுதான் ஆபத்து. ரௌட்டருக்குப் பெரும்பாலும் நடுக்குழியில் நேர்முனை, பெடலுக்குப் பெரும்பாலும் நடுக்குழியில் எதிர்முனை. மாற்றிச் செருகினால் பெடல் பொசுங்கும். பெட்டியில் எழுதியுள்ள வோல்ட், முனை, டீசியா ஏசியா என்ற மூன்றையும் படித்த பிறகே செருகுங்கள். 9 வோல்ட் என்று எழுதிய பழைய கனத்த அடப்டர்கள், சுமை குறைவாக இருக்கும்போது 12, 13 வோல்ட் தருவதையும் நான் அளந்து பார்த்திருக்கிறேன்.

வால்வு அம்ப்ளிபையரை ஸ்பீக்கர் மாட்டாமல் இயக்கவே கூடாது. சக்தி போக இடமில்லாமல் உள்ளே மின்னழுத்தம் எகிறி, வெளியீட்டு டிரான்ஸ்போமரை எரித்துவிடக்கூடும். ஸ்பீக்கருக்குக் கித்தார் வயரையும் பயன்படுத்தாதீர்கள், அது அந்த மின்னோட்டத்துக்கு மெல்லியது. அம்ப்ளிபையரிலும் ஸ்பீக்கரிலும் 4, 8, 16 ஓம் என்று எழுதியுள்ளதைப் பொருத்தி மாட்டுங்கள். பின்பக்கத்தைக் கழற்றிப் பார்க்கும் ஆசை இருந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும், மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கொள்ளளவிகளில் ஆளை அடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும்.

நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். பெடல்களை எந்த வரிசையில் வைப்பது என்பதைத்தான் உண்மையில் விரிவாகச் சொல்ல வந்தேன். சுருக்கமாக: 'வா வா' என்று ஒலிக்க வைக்கும் வாவா முதலில், முறுகல் அடுத்து, எதிரொலி தரும் டிலேயும் ரிவேர்பும் கடைசியில். அம்ப்ளிபையரின் பின்னால் சென்ட், ரிட்டர்ன் என்று இரண்டு துளைகள் இருந்தால் அந்தக் கடைசி இரண்டையும் அங்கே மாட்டலாம். அங்கே அலை பலமாக வரும், அளவைக் குறைக்கும் திருகி இருந்தால் குறைத்து வையுங்கள். ஸ்பீக்கர் என்று எழுதிய துளையில் மட்டும் பெடலின் வயரைச் செருகிவிடாதீர்கள். மழைக்கு முன்னால் இடி முழங்கும் மாலைகளில் எல்லாப் பிளக்குகளையும் கழற்றி வையுங்கள். வணக்கம்.