அந்த வட்டத் துளை யாருடையது?

வணக்கம் நேயர்களே.

இரண்டு மடக்குக் கத்திகள் ஒன்றுபோல இருந்தாலே 'நகல்' என்று சொல்லிவிடுகிறோம். அவசரம் வேண்டாம். வேட்டைக் கத்தியின் முதுகு சரிந்து முனை தாழ்ந்திருப்பது, தோலுரிக்கும்போது குடலைக் குத்திவிடாமல் இருக்கத்தான். அந்த வடிவத்தைக் கேட்பது வேலை. அதற்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது.

அமெரிக்காவின் கிறிஸ் ரீவ் கம்பெனி செய்யும் 'செபென்சா' மடக்குக் கத்தியை எடுத்துக்கொள்வோம். டைட்டானியப் பிடியின் ஒரு பக்கத் தகட்டையே நீளவாக்கில் அறுத்து நாக்காக்கி, அது உள்ளே வளைந்து அலகின் அடியில் முட்டி நிற்கும்படி செய்த பூட்டு. நாக்கு வளையும் இடத்தை 1 மி.மீ. அளவுக்கு மெலிதாக்குவார்கள். தடிப்பாக விட்டால் கட்டைவிரலுக்கு அசையாது. அதிகம் குடைந்தால் பிடிமானம் போய்விடும். முட்டும் முகத்தின் சாய்வு 7, 8 பாகை. கூடினால் நாக்கு வழுக்கும், குறைந்தால் சிக்கிக்கொள்ளும். யார் செய்தாலும் ஏறக்குறைய இந்த அளவுக்குத்தான் வந்து சேர்வார்கள். இன்று எத்தனையோ கம்பெனிகள் இந்தப் பூட்டைப் போடுகின்றன. அதில் திருட்டு இல்லை.

ஆனால் பிடியின் வளைவு, திருகுகளின் இடம், அலகைத் தள்ளித் திறக்கும் நீலக் கட்டைவிரல் குமிழ்? இவற்றை வேறு மாதிரியும் வைத்திருக்கலாம். இவை ஒருவர் யோசித்து எடுத்த முடிவுகள். சந்தேகம் வந்தால் இரண்டு கத்திகளையும் கழற்றி, ஒன்றின் தகட்டை மற்றதன் மேல் வையுங்கள். துளைகள் அத்தனையும் நேராக விழுந்தால் அதற்குமேல் வாதமே வேண்டாம்.

வடிவத்தைப் படியெடுப்பவர் பெரும்பாலும் கோட்டைவிடுவது அச்சுப் புஷ்ஷில், அதாவது அலகு சுழலும் அச்சில் செருகிய சிறு குழலில். செபென்சாவில் புஷ்ஷின் நீளம், அலகும் இரு வாஷர்களும் சேர்ந்த தடிப்பைவிட மயிரிழை அதிகம். அதனால் திருகை முழுசாக முடுக்கினாலும் அலகு லகுவாகச் சுழலும். அது சற்றே குட்டையானால் அலகு இறுகும், நீண்டால் ஆடும். பார்த்து வரைந்தவருக்கு இது பிடிபடாது.

சட்டம் வேறு கணக்குப் போடுகிறது. கட்டைவிரலால் தள்ளி ஒரே கையில் கத்தியைத் திறக்க, ஸ்பைடர்கோ என்ற கத்திக் கம்பெனி 1981-இல் அலகில் கொண்டுவந்த துளையின் காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. வட்டத் துளை மட்டும் அவர்களது வணிகச் சின்னமாக நிற்கிறது. மற்ற கம்பெனிக் கத்திகளில் நீள்துளையும் கோணல் துளையுமாகப் பார்க்கிறோமே, காரணம் இதுதான். பிறர் முத்திரையையும் பொறித்து விற்றால் அது நகல்கூட இல்லை, போலி.

பைக்குள்ளிருந்து இழுக்கும்போதே துணியோரத்தில் மாட்டி அலகைத் திறந்துவிடும் கொக்கி, எமர்சன் என்ற இன்னொரு கத்திக் கம்பெனியுடையது. தன் துளையை அவ்வளவு கறாராகக் காக்கும் ஸ்பைடர்கோ, அந்தக் கொக்கியைத் தன் கத்திகளில் வைத்தபோது எமர்சனிடம் உரிமம் வாங்கித்தான் வைத்தது.

நன்றி, வணக்கம்.