பாண்டிக் கட்டத்திலிருந்து தொடங்குங்கள்

(வரலாற்று ஆசிரியர்களுக்கான பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆசிரியப் பெருமக்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஒன்பதாம் வகுப்புக்கு நாஜி ஜெர்மனி பாடம் எடுத்தவர்கள் இந்த அரங்கில் பலர் இருப்பீர்கள். ஒரு கேள்வி உங்களிடமும் வந்திருக்கும். "சார், யூதர்கள் அப்படி என்னதான் தப்பு பண்ணாங்க?" கேட்கிற பிள்ளையின் மனதில் விஷம் எதுவும் கிடையாது. அடி வாங்கியவன் ஏதாவது செய்திருப்பான் என்பதுதான் வீட்டிலும் தெருவிலும் பள்ளியிலும் நாம் அந்தப் பிள்ளைக்குப் பழக்கிக் கொடுத்த நியாயம். ஐரோப்பா முழுவதும் 60 லட்சம் யூதர்களைக் கொன்றிருக்கிறார்கள் என்றால் அந்த அளவுக்குப் பெரிய காரணம் ஒன்று இருந்தாக வேண்டும் என்று அது நினைக்கிறது. அந்தக் கேள்வியை அதட்டி உட்கார வைத்துவிட்டால், பிள்ளை பதிலை வேறு எங்காவது போய்த் தேடிக்கொள்ளும். இன்றைக்கு அந்த 'வேறு எங்காவது' கைபேசியில் இருக்கிறது.

நான் இந்தப் பாடத்தை முதல் சில ஆண்டுகள் தப்பாகவே எடுத்தேன். கடைசியிலிருந்து தொடங்கினேன். வதைமுகாம், விஷவாயு, குவித்துப் போட்ட எலும்பும் தோலுமான உடல்கள். அந்தப் படங்களைப் பெரிதாக்கி வகுப்பில் காட்டினேன். அப்போதுதான் பிள்ளைகளுக்கு உறைக்கும் என்று நம்பினேன். ஒரு பெண் மதியம் சாப்பாட்டைத் தொடவில்லை. பின் பெஞ்சில் ஒருவன் சிரித்துவிட்டான். அவனைத் திட்டினேன். பல நாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது, அவன் பயந்துபோய்ச் சிரித்திருக்கிறான். எதைப் பார்த்தான் அவன்? பெயரில்லாத, முகமில்லாத உடல்களைப் பார்த்தான். கொன்றவர்கள் அவர்களை எப்படிப் பார்த்தார்களோ, எப்படிப் படமெடுத்தார்களோ, அப்படியே நானும் காட்டியிருக்கிறேன். அந்த மக்கள் உயிரோடு இருந்ததை நான் ஒரு முறைகூடக் காட்டவில்லை.

இப்போது பாண்டிக் கட்டத்திலிருந்து தொடங்குகிறேன்.

பெர்லினில் ஷோனபெர்க் பகுதியில் பவேரியக் குடியிருப்பு என்று ஒரு வட்டாரம். ஐன்ஸ்டைன் வாழ்ந்த வட்டாரம் அது. 1993-ல் இரண்டு கலைஞர்கள் அங்கே தெருவிளக்குக் கம்பங்களில் 80 பலகைகளை மாட்டினார்கள். ஒரு பக்கம் எளிய படம். மறுபக்கம் நாஜி ஆட்சியில் யூதர்களுக்கு எதிராகப் போட்ட ஓர் ஆணை, அதன் தேதியோடு. இவ்வளவுதான். பிணமும் இல்லை, ரத்தமும் இல்லை.

அந்தப் படங்களில் சிலவற்றைத் தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். முன்பக்கத்தை மட்டும் காட்டி, வரிசைக்கு ஒரு தாளாகக் கொடுப்பேன். ஒரு தாளில் பாண்டி ஆட்டக் கட்டம். எங்கள் பக்கத்தில் பாண்டி என்போம், சில ஊர்களில் சில்லுக்கோடு. ஒன்றில் ஒரு ரொட்டி. ஒன்றில் ஒரு பூனை. "இது எதைப் பற்றிய பாடம், சொல்லுங்கள் பார்க்கலாம்" என்பேன். விளையாட்டு, சாப்பாடு, செல்லப்பிராணி என்று கத்துவார்கள். வகுப்பே கலகலவென்று இருக்கும். பிறகு தாளைத் திருப்பச் சொல்வேன்.

பாண்டிக் கட்டத்தின் பின்னால்: ஆரியக் குழந்தைகளும் ஆரியரல்லாத குழந்தைகளும் ஒன்றாக விளையாடக் கூடாது, 1938. ரொட்டியின் பின்னால்: பெர்லினில் யூதர்கள் மாலை 4 மணி முதல் 5 மணி வரை மட்டுமே உணவுப்பொருள் வாங்கலாம், 4 ஜூலை 1940. பூனையின் பின்னால்: யூதர்கள் இனி வீட்டில் செல்லப்பிராணி வளர்க்கக் கூடாது, 15 பிப்ரவரி 1942.

(இங்கே ஒரு எச்சரிக்கை. 'ஆரியர்' என்ற சொல் நம் பிள்ளைகளுக்கு வேறு பாடத்தில், வேறு பொருளில் பழக்கமானது. நாஜிகள் அந்தச் சொல்லை எடுத்து, தங்கள் இனக் கொள்கைக்காக வளைத்து, யூதரல்லாத ஜெர்மானியருக்குச் சூட்டிக்கொண்டார்கள் என்று அப்போதே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பாடம் முழுக்க அந்தக் குழப்பம் கூடவே வரும்.)

பூனைத் தாள் கிடைத்த வரிசை எப்போதும் ஒன்றையே கேட்கும்: "பூனையால யாருக்கு சார் என்ன கஷ்டம்?" அந்தக் கேள்வி வரும்வரை நான் காத்திருப்பேன். 'அவர்கள் என்ன தப்பு செய்தார்கள்' என்று தொடங்கிய வகுப்பு, ஆணை போட்டவனைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்துவிட்டது என்று அதற்குப் பொருள்.

அதற்குப் பிறகு தேதிகளை வரிசையாகக் கரும்பலகையில் எழுதுவேன். 1933 ஜனவரி 30, ஹிட்லர் பிரதமர். ஏப்ரல் 1, யூதர் கடைகளைப் புறக்கணிக்க அழைப்பு. ஏப்ரல் 7, அரசு வேலையிலிருந்து யூதர்களை நீக்கச் சட்டம். ஏப்ரல் 25, பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நெரிசலைக் குறைப்பதாகப் பெயர் சூட்டிக்கொண்டு, யூத மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு. 1935 செப்டம்பர் 15, நியூரம்பெர்க் சட்டங்கள்: குடியுரிமை போயிற்று, யூதரும் ஜெர்மானியரும் மணந்துகொள்வது குற்றமாயிற்று. 1938 நவம்பர் 9 இரவு யூதர்களின் தொழுகைக்கூடங்கள் எரிந்தன, கடைகள் நொறுங்கின. அடுத்த வாரமே, நவம்பர் 15, மிச்சமிருந்த யூதப் பிள்ளைகளும் ஜெர்மன் அரசுப் பள்ளிகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள்.

1939 ஜனவரி முதல், யூதர் என்று அடையாளம் தெரியாத பெயருள்ள யூத ஆண்கள் எல்லோரும் பெயரோடு 'இஸ்ரேல்' என்றும், பெண்கள் 'சாரா' என்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதைச் சொல்லும்போது வருகைப்பதிவேட்டைக் கையில் எடுத்துக் காட்டுவேன். நீங்களும் எடுங்கள். தினமும் காலையில் தன் பெயரைக் கேட்டு 'உள்ளேன் ஐயா' சொல்கிற பிள்ளைக்கு, அந்தப் பெயரில் இன்னொருவன் கை வைப்பது என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை.

1942 ஜனவரி 20-ல் பெர்லினின் ஓரத்தில் வான்சே ஏரிக்கரை மாளிகையில் 15 அதிகாரிகள் கூடினார்கள். பலர் முனைவர் பட்டம் பெற்றவர்கள். கிழக்கே துப்பாக்கிச் சூட்டுக் குழிகளில் ஏற்கெனவே லட்சக்கணக்கானோர் விழுந்திருந்தார்கள். ஐரோப்பா முழுவதிலுமுள்ள யூதர்களுக்கு அந்தக் கொலையை விரிவாக்க, எந்தத் துறை எதைச் செய்வது என்று பேசினார்கள். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், நம் இரண்டு பீரியடு. கவனியுங்கள், பூனைக்கான ஆணை வந்தது அதற்கு நான்கு வாரம் கழித்து. கொல்வதென்று முடிவான மக்களின் வீட்டில் பூனை இருக்கலாமா கூடாதா என்று உட்கார்ந்து எழுத ஓர் எழுத்தர் இருந்திருக்கிறார். தட்டச்சு செய்ய ஒருவர், முத்திரை குத்த ஒருவர், ஒட்ட ஒருவர், படித்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போக ஒரு தெருவே இருந்திருக்கிறது. இத்தனை ஆணைகளும் யாருக்கு எதிராக? 1933-ல் ஜெர்மனியில் யூதர்கள் சுமார் 5 லட்சம் பேர். மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகவே போரிட்ட யூத வீரர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர், செத்தவர்கள் 12,000 பேர்.

இந்த வெறுப்பை ஹிட்லர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. இதை எப்படிச் சொல்வது என்று யோசித்து, நான் ஒரு செப்பேட்டிலிருந்து ஆரம்பிப்பேன். கி.பி. 1000-ஐ ஒட்டி, சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு உரிமைகள் கொடுத்து வட்டெழுத்தில் செப்பேடு வெட்டித் தந்தான். பகல் விளக்கும் குடையும் பல்லக்கும் அந்த உரிமைகளில் உண்டு. ஆனால் அந்த நூற்றாண்டு முடிவதற்குள், 1096-ல், ஐரோப்பாவில் ரைன் நதிக்கரை நகரங்களான வோர்ம்ஸிலும் மைன்ஸிலும் சிலுவைப்போருக்குக் கிளம்பிய கூட்டம் யூதர்களை வெட்டிச் சாய்த்தது. 1215-ல் யூதர்களுக்குத் தனி உடை அடையாளம். 1290-ல் இங்கிலாந்திலிருந்தும் 1492-ல் ஸ்பெயினிலிருந்தும் வெளியேற்றம். 1516-ல் வெனிஸில் இரவில் கதவு பூட்டப்படும் தனிக் குடியிருப்பு. 'கெட்டோ' என்ற சொல்லே அங்கே பிறந்தது.

இவற்றில் ஒன்றை மட்டும் நிறுத்திச் சொல்லுங்கள். 1349 பிப்ரவரி, இன்றைய பிரான்ஸில் உள்ள ஸ்ட்ராஸ்பர்க். கறுப்புக் கொள்ளைநோய் ஊர் ஊராகப் பரவிக்கொண்டிருந்த நேரம். யூதர்கள் கிணற்றில் விஷம் கலந்ததால்தான் நோய் வருகிறது என்று வதந்தி. நூற்றுக்கணக்கான யூதர்களை உயிரோடு எரித்தார்கள். அன்றைக்கு அந்த நோய் ஸ்ட்ராஸ்பர்க்குக்கு வந்து சேரவே இல்லை! எரித்து முடித்த பிறகு, யூதர்களிடம் வாங்கியிருந்த கடன்கள் ரத்தாகின, பணத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள். நிலம் வாங்கத் தடை, கைவினைஞர் சங்கங்களில் சேரத் தடை என்று எல்லா வாசலையும் அடைத்துவிட்டு, கிறிஸ்தவர்களுக்குத் திருச்சபை விலக்கியிருந்த வட்டித்தொழில் ஒன்றை மட்டும் திறந்துவைத்தவர்கள், பிறகு 'வட்டிக்காரன்' என்று ஏசினார்கள். வதந்தியால் யாருக்கு லாபம் என்று தேடிப் பார்க்க ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த ஓர் ஊர் போதும்.

அடுத்து, நம் ஊருக்கே உரிய ஒரு சங்கடம். கண்டிப்பான தலைமையாசிரியருக்கு நம் பிள்ளைகள் வைக்கும் பட்டப்பெயர் என்ன? ஹிட்லர். நடைபாதைப் புத்தகக் கடையில் தன்னம்பிக்கை நூல்களுக்கு நடுவே அவன் எழுதிய புத்தகம் தமிழில் கிடைக்கிறது. ஒரு மாணவன் அதை வாங்கிக்கொண்டு வந்து, "வெள்ளைக்காரனை எதிர்த்தவர் சார், நமக்கு நல்லவர்தானே" என்றான். நான் புத்தகத்தைப் பிடுங்கவில்லை. இந்தியா வேறு எவர் கையிலும் இருப்பதைவிட ஆங்கிலேயர் ஆட்சியில் இருப்பதையே தான் விரும்புவதாக அதே புத்தகத்தில் அவன் எழுதியிருக்கிறான், அந்த இடத்தைத் தேடிப் படி என்றேன். இரண்டு நாள் கழித்து வந்தான். "படிச்சேன் சார்" என்றான். வேறெதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கணக்கு ஆசிரியர்களுக்கும் இதில் பங்கு உண்டு. நாஜி ஆட்சிக் காலத்துக் கணக்குப் புத்தகத்தில் இருந்த ஒரு கணக்கு: ஒரு மனநல விடுதி கட்ட 60 லட்சம் மார்க் ஆகிறது, வீடு ஒன்றுக்கு 15,000 மார்க் என்றால், அந்தப் பணத்தில் எத்தனை வீடு கட்டியிருக்கலாம்? இதை எந்த முன்னுரையும் இல்லாமல் பலகையில் எழுதிப் பாருங்கள். அரை நிமிடத்தில் கை உயரும். "400 சார்!" விடை சரி. வழிமுறையும் சரி. பிறகு, 1939-ல் தொடங்கி அந்த விடுதிகளில் இருந்தவர்களை என்ன செய்தார்கள் என்று சொல்லுங்கள். சுமார் 70,000 பேர் விஷவாயு செலுத்திக் கொல்லப்பட்டார்கள். அதைச் செய்து பழகியவர்களில் பலர் பிறகு யூதர்களுக்கான கொலைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 400 என்று முதலில் சொன்ன பிள்ளையின் முகத்தைப் பார்த்து, "உன் மேல தப்பில்லம்மா, கணக்கு கொடுத்தவன் மேலதான்" என்று மறக்காமல் சொல்லிவிடுங்கள். இது முக்கியம். பிள்ளையைக் குற்றவுணர்வில் விட்டுவிட்டு நாம் மணியடித்ததும் போய்விடக் கூடாது.

அதனால்தான் நடித்துக் காட்டும் பயிற்சிகளையும் வேண்டாம் என்கிறேன். யூதர்கள் அணிந்தாக வேண்டும் என்று நாஜிகள் கட்டாயப்படுத்திய மஞ்சள் நட்சத்திரத்தைப் பாதி வகுப்புக்குக் குத்தி, மீதியைக் காவலராக்கி விளையாட வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு பீரியடு நடித்தால் அந்த வேதனை புரிந்துவிடும் என்பது இறந்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. போதாததற்கு, காவலர் வேடம் போட்ட சில பிள்ளைகளுக்கு அது பிடித்தும் போகும்.

"அவங்க ஏன் சார் திருப்பி அடிக்கலை?" இதுவும் வரும். அடித்தார்கள். 1943 ஏப்ரல் 19 அன்று போலந்தின் வார்சா கெட்டோவில் கைத்துப்பாக்கிகளோடும் கையெறி குண்டுகளோடும் இளைஞர்கள் ஜெர்மன் படையை எதிர்த்தார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் தாக்குப்பிடித்தார்கள். ஆனால் நான் அதைவிட அதிக நேரம் பேசுவது டேவிட் கிராபரைப் பற்றி. வயது 19. நம் பிள்ளைகளைவிட நாலைந்து வயது மூத்தவன். வரலாற்றாசிரியர் இமானுவேல் ரிங்கெல்ப்ளூம் அதே கெட்டோவுக்குள் ரகசியமாக ஓர் ஆவணக் காப்பகம் நடத்தினார். சுவரொட்டி, ரேஷன் அட்டை, பிள்ளைகள் எழுதிய கட்டுரை, மிட்டாய்த் தாள் என்று எல்லாவற்றையும் சேர்த்தார்கள். 1942 ஆகஸ்டில், தினமும் ஆயிரக்கணக்கானோரை ரயிலேற்றி ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு அனுப்பிக்கொண்டிருந்தபோது, கிராபரும் தோழர்களும் அவற்றைத் தகரப் பெட்டிகளில் அடைத்து நிலவறையில் புதைத்தார்கள். மேலே இருந்தது ஒரு பள்ளிக்கூடம். உலகத்தைப் பார்த்து எங்களால் கத்திச் சொல்ல முடியாததை மண்ணில் புதைத்துவிட்டோம் என்று அவன் எழுதி உள்ளே வைத்தான். அவன் பிழைக்கவில்லை. பெட்டிகளை 1946-ல் இடிபாடுகளுக்குள்ளிருந்து தோண்டி எடுத்தார்கள்.

இன்னொரு கேள்வியும் இப்போதெல்லாம் கட்டாயம் வருகிறது. காசா. தட்டிக் கழிக்காதீர்கள். இன்றைய இஸ்ரேல் அரசு செய்வதை அங்கே சாகிற குழந்தையின் பக்கம் நின்று கேள்வி கேட்கலாம், கேட்க வேண்டும். 1942-ல் ரயிலேற்றப்பட்ட குழந்தை அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டதல்ல. நான் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன். பிள்ளைகள் குழம்புவதில்லை, நாம்தான் குழம்புகிறோம். அதேபோல், பொது இடத்தில் யூதர்களுக்குத் தனிப் பெஞ்சு என்ற ஆணையைப் படிக்கும்போது யாராவது ஒரு பிள்ளை மெதுவாக, "எங்க ஊர் டீக்கடையில முன்னாடி தனி கிளாஸ் இருந்துச்சாம், தாத்தா சொல்வாங்க" என்று ஆரம்பிக்கும். ஆரம்பித்தால் பேச விடுங்கள். பாடத் திட்டம் ஒரு நாள் பிந்தட்டும்.

கடைசிப் பத்து நிமிடத்தைக் காலியாக வைத்திருப்பேன். அந்த 80 பலகைகளில் ஒன்றில் ஆணை இல்லை. 1942 ஜனவரி 16 அன்று, நாடுகடத்தப்படுவதற்கு முன் ஒருவர் எழுதிய கடிதத்தின் வரி அது. நேரம் வந்துவிட்டது, நாளை நான் போக வேண்டும், மனதுக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது, உனக்குக் கடிதம் எழுதுவேன்.

அதைப் பலகையில் எழுதிவிட்டு நான் எதுவும் பேசுவதில்லை. அடுத்த பீரியடு கணக்கு. பலகையில் பாதியை விட்டுவிட்டு மீதியில் எழுதிக்கொள்ளும்படி கணக்கு ஆசிரியையிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் அவர் அப்படியே செய்கிறார்.