கணக்குச் சீட்டில் தொலைந்த சொல்

நேயர்களுக்கு வணக்கம்.

இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தில் சாப்பாடு கேட்கும் வரி ஒன்று உண்டு. சீர்திருத்த சபையார் 'வேண்டிய ஆகாரம்' என்பார்கள். கத்தோலிக்கர் 'அனுதின உணவு' என்பார்கள். இரண்டுக்கும் மூலம் ஒரே கிரேக்கச் சொல்: எபியூசியோஸ். மத்தேயு 6:11-இலும் லூக்கா 11:3-இலும் வருகிறது. இந்த ஜெபத்துக்கு வெளியே, அந்தக் காலத்துக் கிரேக்கத்தில் அதற்கு உறுதியான சான்று கிடையாது. மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் என்ற வேத அறிஞர் இதைக் கவனித்துவிட்டார். படித்தவர்களும் எழுதாத, பாமரரும் பேசாத சொல், சுவிசேஷகர்களே உண்டாக்கியது போலிருக்கிறது என்றார். கிரேக்க மொழியிலேயே பேசி எழுதி வாழ்ந்தவர் அவர். அவருக்கே புதுச்சொல் என்றால் நாம் எம்மாத்திரம்?

அப்புறம் ஒரு பாப்பிரஸ், அதாவது நாணல் தாளில் எழுதிய பழஞ்சீட்டு, வந்தது. எகிப்தின் ஹவாராவில் தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி தோண்டியெடுத்தது. மொழியறிஞர் ஆர்ச்சிபால்ட் சேஸ் படித்துச் சொன்னதை 1889-இல் வெளியிட்டார்கள். வேத வசனம் ஒன்றுமில்லை, வெறும் செலவுக் கணக்கு. அதில் 'எபியூசி' என்று பாதியில் நிற்கும் சொல் ஒன்று, பக்கத்தில் அரை ஓபோல் காசு. ஆகா, அன்றன்றைய படிதான் இது என்று பலர் முடிவு கட்டினார்கள். அகராதி வரைக்கும் போயிற்று. ஆனால் சரிபார்க்கலாம் என்றால் மூலச் சீட்டைக் காணோம்! 1998-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் அது அகப்பட்டது. மறுபடி படித்தவர்கள் கண்டது 'எலையு'. எண்ணெய். அரை ஓபோலுக்கு எண்ணெய் வாங்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆக, சொல்லைப் பிரித்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. 'எபி' என்றால் மேல்; 'ஊசியா' என்றால் இருப்பு, உள்பொருள். அந்த வழியில் போன ஜெரோம், வேதத்தை லத்தீனில் மொழிபெயர்த்தவர், மத்தேயுவில் 'பொருளுக்கெல்லாம் மேலான அப்பம்' என்று லத்தீனில் எழுதினார். லூக்காவில் அதே சொல்லை 'தினசரி' என்று விட்டுவிட்டார். ஒரே ஆள், ஒரே சொல், இரண்டு பொருள்! சிரியாக் மொழியின் பழைய வேத மொழிபெயர்ப்பான பெஷீத்தாவில் இருப்பது 'எங்கள் தேவைக்கான அப்பம்'. நம்முடைய 'வேண்டிய' அதற்குப் பக்கத்தில் நிற்கிறது.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. 'எபியூசா' என்றால் வரப்போகும் நாள். அப்போஸ்தலர் 16:11-இல் 'மறுநாள்' என்பது இதுதான். வேதாகமத்தில் சேராத, இன்று முழுதாகக் கிடைக்காத எபிரெயர் சுவிசேஷத்தில் அந்த இடத்தில் 'மாஹார்', அதாவது நாளை, என்று இருந்ததாக ஜெரோமே குறித்து வைத்திருக்கிறார். 'தினசரி' என்று கொண்டால் லூக்காவில் இடிக்கிறது: அங்கே 'நாள்தோறும்' என்று தனியாக வேறு வருகிறதே, ஒரே வரியில் எதற்கு இரண்டு தரம்?

உடனே கேட்பீர்கள்: அதே மத்தேயு 6-ஆம் அதிகாரம் 34-ஆம் வசனத்தில் 'நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்' என்றவர், நாளைய சாப்பாட்டைக் கேட்கச் சொல்வாரா? சொல்வார் என்றுதான் நினைக்கிறேன். மத்தேயு 20-இல் வரும் திராட்சத் தோட்டத்து ஆட்களைப் பாருங்கள். பொழுது சாய்ந்த பிறகுதான் கையில் ஒரு பணம் விழுகிறது. விடிந்தால் திரும்பவும் சந்தைவெளியில் நிற்க வேண்டும், யாராவது கூப்பிடுவார்களா என்று. அப்படிப்பட்டவன் நாளைக்கு உலை வைக்க இன்றைக்கே கேட்டுவிட்டால்தான் இராத்திரி கண்ணை மூட முடியும்.