வெளிநாட்டில் ஆசிரியர் வேலை: விண்ணப்பிக்கும் முன் இதைப் பாருங்கள்

வணக்கம். வெளிநாட்டில் ஆசிரியர் வேலை வேண்டும் என்று முடிவெடுத்ததும் பலரும் பயோடேட்டாவைத் திரும்பத் திரும்பச் சரிசெய்து, கண்ணில் பட்ட பள்ளிக்கெல்லாம் அனுப்புகிறார்கள். அதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். முதலில் சான்றிதழ்களை எடுத்து மேசையில் பரப்புங்கள்.

[திரையில்: பட்டச் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் அருகருகே]

இரண்டிலும் உங்கள் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பட்டத்தில் ஒரு எழுத்து கூடுதலாக இருந்து பாஸ்போர்ட்டில் அது இல்லையென்றால், நேர்காணலில் எவ்வளவு நன்றாகப் பேசியிருந்தாலும் விசா அந்த ஒரு எழுத்தில் மாட்டிக்கொள்ளலாம், அதைத் திருத்தி வாங்க மாதக்கணக்கில் அலைய வேண்டியும் வரலாம்.

அப்புறம் சான்றொப்பம், அதாவது உங்கள் சான்றிதழ் உண்மையானதுதான் என்று அரசு உறுதிசெய்வது. 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் உங்கள் நாடும் போகிற நாடும் இருந்தால், 'அப்போஸ்டில்' என்கிற ஒரே சான்று பொதுவாகப் போதும். சீனாவிலும் 2023 நவம்பரிலிருந்து இந்த முறை உண்டு, ஆனால் உடன்படிக்கையில் இருக்கிற எல்லா நாடுகளோடும் அது பொருந்தாது. மற்ற நாடுகளுக்குப் பெரும்பாலும் தூதரக முத்திரையும் வேண்டும். போலீஸ் சான்றிதழை மட்டும் ரொம்ப முன்னாலேயே வாங்கிவிடாதீர்கள், சில மாதங்களுக்குள் வாங்கியதைத்தான் பல இடங்களில் ஏற்கிறார்கள்.

சரி, எங்கே தேடுவது? சர்வதேசப் பள்ளிகள் பெரும்பாலும் ஆசிரியர் பயிற்சித் தகுதியும் இரண்டு வருட அனுபவமும் எதிர்பார்க்கும். ஆங்கிலம் மட்டும் கற்றுத்தரும் மையங்களில் ஒரு பட்டமும் ஆங்கிலத்தை வேற்றுமொழியாகக் கற்பிப்பதற்கான 120 மணி நேர 'டெஃபல்' பயிற்சிச் சான்றிதழும் இருந்தால் பெரும்பாலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்பதும் முக்கியம்: கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கத் தருகிற ஈ-2 விசா, பெரும்பாலும் ஏழு ஆங்கில மொழி நாடுகளின் குடிமக்களுக்குத்தான். அதனால் விசா விதியைப் படித்துவிட்டு அப்புறம் விண்ணப்பியுங்கள், வீணாகக் காத்திருப்பது மனசைக் கரைத்துவிடும்.

காலமும் முக்கியம். ஆகஸ்ட், செப்டம்பரில் திறக்கும் சர்வதேசப் பள்ளிகள் பல, முந்தைய வருட அக்டோபர் வாக்கிலேயே ஆள் எடுக்கத் தொடங்கிவிடும்.

[திரையில்: ஒப்பந்தத்தின் ஒரு வரி, பெரிதாக]

வேலை கிடைத்து ஒப்பந்தம் கைக்கு வந்துவிட்டது. 'வாரம் 25 மணி நேரம்' என்று இருக்கிறது. நிம்மதியாக இருக்கிறது, இல்லையா? அது வகுப்பில் நின்று பாடம் நடத்துகிற நேரமா, பள்ளியில் இருக்க வேண்டிய மொத்த நேரமா என்று கேளுங்கள். வகுப்பு நேரம் மட்டுமே 25 என்றால், பாடத் தயாரிப்பும் விடைத்தாள் திருத்துவதும் பெற்றோர் கூட்டமும் அதற்கு மேல் வரும், வாரம் நாற்பது மணி நேரத்தைச் சுலபமாகத் தாண்டிவிடும். அதேபோல 'வீடு உண்டு' என்றால் வீடே தருகிறார்களா, வாடகைக்குப் பணமா, முன்பணம் யார் கட்டுவது, பாதியில் விலகினால் விமான டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா? எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

'முதலில் சுற்றுலா விசாவில் வந்துவிடுங்கள், இங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால் போகாதீர்கள். வேலை அனுமதி இல்லாமல் வகுப்பெடுத்து மாட்டிக்கொண்டால், நாடு கடத்தப்படுவது பெரும்பாலும் ஆசிரியர்தான்.

கையெழுத்துப் போடும் முன், அங்கே இப்போது வேலை செய்கிற ஓர் ஆசிரியரோடு தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். பேசவிட மறுக்கிற பள்ளியில், சம்பளம் எவ்வளவு இருந்தாலும், நான் சேர மாட்டேன்.