வால் போன கதையும் ஒரு மாத்திரையும்

அவைத் தலைவர் ஐயா அவர்களே, இந்த வெயிலிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, சால்வையும் போர்த்தி, தகுதிக்கு மேல் பாராட்டவும் செய்த தலைமையாசிரியர் அவர்களே, பெயர் விடுபட்ட பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

நமக்கு ஏன் வால் இல்லை? மரபணு, நடை, நோய் என்று மூன்று வழியாகச் சொல்கிறேன்.

2019. அமெரிக்காவில் போ ஷியா என்றொரு ஆராய்ச்சி மாணவர். வாடகைக் காரில் போகும்போது வால் எலும்பில் அடி. உட்கார்ந்தால் வலி, எழுந்தால் வலி. ஆற ஒரு வருடம் ஆனதாம். நாமாக இருந்தால் என்ன செய்வோம்? டிரைவரைத் திட்டுவோம், தைலம் தேய்ப்போம், பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன வைத்தியத்தையும் பார்ப்போம். இவரோ, இருந்த வால் எங்கே போனது என்று தேடக் கிளம்பிவிட்டார்! வால் வளர்ச்சியில் பங்குள்ள டிபிஎக்ஸ்டி என்ற மரபணுவுக்குள் சுமார் 300 டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள 'ஆலு' என்ற துண்டு நுழைந்திருந்தது. நுழைந்து சுமார் 2.5 கோடி ஆண்டுகள் இருக்கும். நமக்கும் சிம்பன்சிக்கும் அது உண்டு. வாலுள்ள குரங்குக்கு இல்லை. அதன் விளைவை எலிகளில் உண்டாக்கிப் பார்த்தார்கள். சிலவற்றுக்கு வால் குட்டை, சிலவற்றுக்கு வாலே இல்லை. 2024இல் நேச்சர் இதழில் ஆய்வு வெளியானது. எலிகளுக்காகவாவது கைதட்டுங்கள்.

ஆனால் அந்த எலிகளில் சிலவற்றுக்குத் தண்டுவடம் சரியாக மூடவில்லை. மனிதக் குழந்தைகளிலும் இப்படி ஒரு குறை உண்டு, முதுகெலும்புப் பிளவு. வெள்ளம் வருமுன் அணை போடு! தலைமையாசிரியர் சிரிக்கிறார், நான் ஏறும் மேடையெல்லாம் இந்தப் பழமொழியும் ஏறும்.

கரு உருவான 28 நாளுக்குள், தண்டுவடமாக மாறும் குழாய் மூடிவிட வேண்டும். பல பெண்களுக்கு அப்போது கர்ப்பம் என்றே தெரியாது. நாள் தள்ளிப்போய், ஸ்கேன் எடுத்து, அப்புறம் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் மாத்திரை தொடங்கினால் வெள்ளம் வந்த பிறகு கட்டிய அணைதான். இந்தக் குறையைத் தடுக்க, கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் வேண்டும். இந்தக் குறையுள்ள குழந்தையை ஏற்கெனவே பெற்ற தாய்மார்களிடம், டாக்டர் தரும் கூடுதல் அளவில், அது மீண்டும் வருவது 72 சதவீதம் குறைந்ததை 1991இல் பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது.

நடை? அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், விட்டுவிடுவோம். மாணவிகளே, பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல மாத்திரையில் இரும்போடு ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. ஜன்னல் வழியே வீசாதீர்கள். ஊராட்சித் தலைவர் அம்மா, கல்யாணம் பதிவு செய்ய வரும் ஜோடிக்குச் சான்றிதழோடு ஒரு மாத்திரை அட்டையும் கிடைக்க நீங்கள் மேலிடத்துக்கு எழுத வேண்டும். மனு கையோடு கொண்டுவந்திருக்கிறேன்.